தங்கம் தீர்ந்த ஊர்களைச் சுற்றிப் பார்க்க

மெல்பர்னிலிருந்து தங்க வேட்டை நடந்த ஊர்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பல்லாரட்டோடு திரும்பிவிடுகிறார்கள். குழந்தைகளுக்கு அது சரி. தங்கம் அந்த நிலத்தை என்ன பாடு படுத்தியது, அப்புறம் அங்கே விவசாயம் எப்படிப் பிழைத்தது என்று பார்க்க ஆசையிருந்தால் காஸில்மெயின் பக்கம் போங்கள், மெல்பர்னிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர்தான். ரயில் உண்டு, ஆனால் கார் இல்லாமல் அக்கம்பக்கம் சுற்றுவது கஷ்டம்.

முதலில் எதைப் பார்ப்பது என்றால் தண்ணீர் வந்த வழியைத்தான் சொல்வேன். 1851-ல் கூட்டம் குவிந்தபோது மண் அலச ஓடைத் தண்ணீர் போதவில்லை, அதனால் கோலிபன் ஆற்றைத் தேக்கி 1877-ல் பெண்டிகோ நகரம் வரை கால்வாய் கொண்டுபோனார்கள். காஸில்மெயினை ஒட்டிய சியூட்டனில் கார்ஃபீல்டு சக்கரம் இருந்த இடத்தில் நின்று பாருங்கள்: அந்தத் தண்ணீரால் சுழன்று தங்கம் கலந்த பாறையை நொறுக்கிய சக்கரத்தின் விட்டம் 22 மீட்டர், இன்று அதைத் தாங்கிய இரண்டு கல்தூண்கள்தான் மிச்சம். சுற்றிலும் மேடும் பள்ளமுமாக, மேல்மண் போய், கூழாங்கல்லும் புதருமாகக் கிடக்கும். மண்ணின் சொந்தக்காரர்களான ஜா ஜா வுருங் மக்கள் இதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்ட நாடு என்கிறார்கள், பார்த்தால் மறுக்கத் தோன்றாது.

அங்கிருந்து நேராக ஹார்கோர்ட்டுக்கு வண்டியை விடுங்கள். கிரானைட் பூமி, தங்கத்துக்காகத் தோண்டி நாசமாக்க ஆள் வரவில்லை, சுரங்கத்துக்காக வந்த கால்வாய்த் தண்ணீர் ஆப்பிள் தோட்டங்களுக்குப் பாய்ந்தது. மார்ச், ஏப்ரலில் போனால் புதுப்பழம் கிடைக்கும்.

நேரமிருந்தால் பக்கத்தில் மால்டன் ஊரின் பழைய கடைத்தெருவைப் பாருங்கள். காஸில்மெயின் அருகே பென்னிவெயிட் ஃப்ளாட் இடுகாட்டையும் விடாதீர்கள், 1850-களில் இறந்த குழந்தைகள்தான் அங்கே அதிகம், கற்களை அடுக்கிய சின்னச் சின்னக் கல்லறைகள்.

தங்கம் தேடும் ஆசையிருந்தால் மைனர்ஸ் ரைட் என்ற அனுமதிச்சீட்டு வாங்கவேண்டும், பத்து வருடம் செல்லும், ஆனால் எல்லா இடத்திலும் தேட முடியாது, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பாதையை விட்டு இறங்கவே இறங்காதீர்கள், புதருக்குள் மூடாத பழைய சுரங்கக் குழிகள் இருக்கின்றன. கோடையில் பாம்பும் உண்டு, காட்டுத்தீ எச்சரிக்கை வந்த நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.