பனி என்றால் காய்ச்சல்: பல மொழிக்காரர்கள் கூடும் இடத்தில் பேசுவது எப்படி

1991 டிசம்பர். நீலகிரியில் சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) முற்றத்தில் தாய்மார் கூட்டம். செவிலியர் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. "பனி இருக்கிற நேரத்துல குழந்தையை வெளியே கொண்டு வராதீங்க" என்று நாலு தடவை அழுத்திச் சொல்லிவிட்டு வந்தேன். மறுவாரம் முகாமுக்கு வழக்கமாக வரும் மலையாளத் தாய்மார் மூன்று பேரைக் காணவில்லை. வீடு தேடிப் போனால், ஒரு குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். "சிஸ்டரல்லே பறஞ்ஞது, பனியுண்டெங்கில் புறத்திறக்கண்டான்னு" என்றாள் அந்தப் பெண். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நான் வாசலில் பெய்வதைச் சொன்னேன், அவள் உடம்பில் அடிப்பதை எடுத்துக்கொண்டாள். குழந்தை நாலு நாளில் தேறிவிட்டது. எனக்குத்தான் தேறப் பல வருடம் ஆனது.

அதே லயத்தில் இன்று ஜார்கண்டிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பனி என்றால், இந்தி 'பானி' என்று நினைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

35 வருடம் நீலகிரியில் கிராம சுகாதார செவிலியராக இருந்துவிட்டு 2023-இல் ஓய்வு பெற்றேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், ஆசிரியர்கள், தன்னார்வலர்கள் எல்லாம் "இங்க எப்படிக்கா பேசுறது?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். பழங்குடிகளிலேயே மிகவும் நலிந்தவர்கள் என்று மத்திய அரசு தனியாகப் போட்ட பட்டியலில் தமிழ்நாட்டுக்கு என்று இருக்கும் தொல்குடிகள் ஆறு: தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேரும் இந்தச் சின்ன மாவட்டத்தில் இருக்கிறார்கள். அதற்கு மேல் படுகர், கூடலூர் பந்தலூரில் மலையாளிகள், சிலோனிலிருந்து திரும்பிய எங்கள் ஆட்கள், மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர்கள், கீழே சமவெளியிலிருந்து பிழைக்க வந்தவர்கள், இப்போது வடக்கேயிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள். ஒரே கூட்டத்தில் ஐந்து பேச்சு இருப்பது இங்கே சாதாரணம்.

எந்த நாள், எந்த நேரம்

காலை 11 மணிக்குக் கூட்டம் வைக்காதீர்கள். கொழுந்து எடுப்பவளுக்கு அது நாள்கூலி. சாயங்காலம் இலை நிறுத்து முடிந்த பிறகு, அந்த இடத்திலேயே கால் மணி நேரம் கேளுங்கள், தருவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் நேரம். படுகர் ஊர்களான ஹட்டிகளில் டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கம் எத்தையம்மன் பண்டிகை ஓடும், அப்போது உங்கள் தடுப்பூசிக் கதையை யாரும் கேட்கமாட்டார்கள். தோடர் குடியிருப்பான மந்துக்குப் போவதென்றால் அங்குள்ள பெரியவர் ஒருவரிடம் முன்கூட்டியே நாள் கேட்டுக்கொண்டு போங்கள். எந்தக் கட்டடத்தின் பக்கம் போகக்கூடாது என்பதையும் அவரிடமே கேளுங்கள். கோயிலை "அழகான குடிசை" என்று படம் எடுக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பெயரில் கூப்பிடுவது

இதை என் கதையிலிருந்துதான் சொல்ல வேண்டும். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். 1973-இல், பத்து வயதில், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு கொளப்பள்ளியில் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டம். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் பக்கத்துப் பிள்ளையிடம் "பாண் கொண்டாந்தியா?" என்று கேட்டேன். எங்களுக்குப் பாண் என்றால் ரொட்டி. அன்றிலிருந்து பல வருடம் எனக்குப் பெயர் கிடையாது, சிலோன்காரிதான். சிலர் அகதி என்றார்கள். நாங்கள் அகதி இல்லை, இரண்டு அரசாங்கம் கையெழுத்துப் போட்டு, குடியுரிமையோடு வந்தவர்கள். அரசாங்கக் காகிதத்தில் "தாயகம் திரும்பியோர்" என்று இருக்கும். அந்தத் தாயகத்தை என் அப்பா அதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது வேறு கதை.

அதனால் மேடையில் "காட்டு ஆட்கள்", "வடக்கன்", "சிலோன்காரங்க" என்று வாயில் வரக்கூடாது. "ஆதிவாசி மக்களே" என்று மொத்தமாகச் சொல்வதைவிட, யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டு அந்தப் பெயரைச் சொல்லுங்கள். குறும்பர் என்று பொதுவாகச் சொன்னால்கூடப் போதாது. ஆலு குறும்பர், பெட்ட குறும்பர், முள்ளு குறும்பர் எல்லாம் வேறு வேறு ஆட்கள், பேச்சும் வேறு. படுகரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை பல காலமாக இருக்கிறது, இன்னும் சேரவில்லை. அந்த விஷயத்தை மேடையில் தொடாமல் உங்கள் வேலையைப் பாருங்கள்.

இன்னொன்று. பணியர் பெரியவர் ஒருவரை இருபத்தைந்து வயது அலுவலர் "நீ வா, இங்க உட்காரு" என்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதே ஆள் எஸ்டேட் கணக்கப்பிள்ளையை "நீங்க" என்பார். கூட்டத்தில் உள்ள எல்லாருக்கும் அது காதில் விழும். எல்லாருக்கும் ஒரே "நீங்க" போடுங்கள். அவர்கள் உங்களை "நீ" என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு இருளப் பாட்டி என்னை ஒருநாளும் "நீங்க" என்றதில்லை. தேன் வைத்திருந்தால் எனக்குக் கொடுக்காமல் விட்டதுமில்லை.

ஒரே சொல், வேறு பொருள்

தெரியாத சொல்லைப் பற்றிக் கவலை வேண்டாம், கேட்பவர்கள் முழிப்பார்கள், உங்களுக்கே தெரிந்துவிடும். ஆபத்து, இரண்டு பக்கமும் தெரிந்த சொல்லில் இருக்கிறது. கேட்பவர் தலையாட்டுவார், நீங்கள் சொன்னதற்கு இல்லை.

வெள்ளம் என்ற சொல்லையே பாருங்கள். மலையாளத்தில் அது வெறும் தண்ணீர். "வெள்ளம் வருது, வீட்டைக் காலி பண்ணுங்க" என்றால் குழாயில் தண்ணீர் வருகிறது என்று குடத்தைத் தூக்குவார்கள். 2009 நவம்பரில் இந்த மலையில் மண் சரிந்து நாற்பதுக்கு மேல் செத்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது. விளையாட்டு இல்லை. கூடலூர் பந்தலூரில் மழை எச்சரிக்கை சொல்லும்போது "மண்சரிவு" என்று தமிழிலும் "உருள்பொட்டல்" என்று மலையாளத்திலும் சொல்லிவிட்டு, கையை நீட்டி எந்த மேடு, எந்த வீடு, எந்த வழியாக எந்தப் பள்ளிக்கூடம் என்று காட்டுங்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077 என்பதை ஒவ்வொரு இலக்கமாக, விரலை மடக்கிச் சொல்லுங்கள்.

"அவகாசம் தருகிறோம்" என்று நாம் சொல்வது கால அவகாசம், மலையாளிக்கு அது உரிமை. "சம்சாரத்தோட வாங்க" என்றால் பேச்சோடு வரச் சொல்வதாக இருக்கும். ஒருமுறை கீழேயிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் உற்சாகத்தில் "பட்டிதொட்டியெல்லாம் தடுப்பூசி போடுவோம்!" என்று முழங்கினார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். பின்வரிசையில் ஒரு காக்கா (மலையாள முஸ்லிம் பெரியவர்) எழுந்து, நாய்க்குப் போடும் ஊசி வேறு முகாமா, இதே முகாமா என்று மரியாதையாகக் கேட்டார்.

என் வழக்கம் இது. பேசப்போகும் விஷயத்தில் முக்கியமான பத்துச் சொல்லை எடுத்து, அந்த ஊரில் ஒருவரிடம் "இதுக்கு நீங்க என்ன சொல்வீங்க?" என்று முந்தின நாளே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வேன். காய்ச்சல், பேதி, மாதவிலக்கு, ரத்தம், நாளைக்கு, நாளை மறுநாள். பணியர் பேச்சு மலையாளத்துக்குக் கொஞ்சம் கிட்டே வரும், காட்டுநாயக்கர் பேச்சு கன்னடத்துக்கு. அதற்காக அது மலையாளம்தானே, கன்னடம்தானே என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். ஜார்கண்ட்காரர்கள் எல்லாருக்கும் வீட்டில் இந்தி என்றும் நினைக்காதீர்கள். ஒரு பெண்ணிடம் உங்கள் பேச்சில் கண்ணுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். கிட்டத்தட்ட "கன்" என்றாள். குருக் மொழி. நம் திராவிட மொழிக் குடும்பம்தான். இரண்டு பேரும் அன்று ரொம்ப நேரம் சிரித்தோம்.

மொழிபெயர்க்க ஆள் இருந்தால் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி நிறுத்துங்கள், ஆனால் கண் கேட்பவர் மேல் இருக்கட்டும், மொழிபெயர்ப்பவர் மேல் அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மாவின் வெள்ளைப்படுதலைப் பத்து வயதுப் பையன் வாயால் கேட்கும் கொடுமையை நானே ஒருமுறை செய்திருக்கிறேன்.

முன்வரிசையில் யார்

கூட்டம் சேர்ந்ததும் நாற்காலியில் யார், தரையில் யார், சுவருக்குப் பின்னால் நிற்பது யார் என்று பாருங்கள். பந்தலூர்ப் பக்கம் முன்னால் நிலக்காரர் குடும்பம் உட்காரும், பணியர்ப் பெண்கள் கடைசியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் பேசாததைப் பார்த்து "கூச்சம்" என்று நம் அறிக்கையில் எழுதுவோம். கூச்சம் என்ன கூச்சம்? தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தில் கட்டுண்டு கிடந்தவர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டமே 1976-இல்தான் வந்தது. முதலாளி வீட்டம்மா முன்னால் தன் ரத்தக்குறைவைப் பற்றி எப்படிப் பேசுவாள்? தன் வீட்டு முற்றத்தில், தன் ஆட்களோடு இருக்கும்போது அவர்கள் பேசுவதை நிறுத்த முடியாது. தனிக்கூட்டம் போடுங்கள். நேரம் இரண்டு மடங்கு ஆகும், ஆகட்டும்.

கொடுக்கும் காப்பியைக் குடியுங்கள். முடியாவிட்டால் காரணம் சொல்லி, தண்ணீராவது வாங்கிக் குடியுங்கள்.

படமும் கணக்கும்

படம் போட்டால் எல்லாருக்கும் புரியும் என்பது அச்சடிப்பவர் நம்பிக்கை. மாத்திரை அட்டையில் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா போட்டிருந்தது. ஜூலை மாதம் தேவாலாவில் வாரக்கணக்கில் சூரியன் எட்டிப்பார்க்காது. "வெயில் வரட்டும்னு வச்சிருக்கேன் சிஸ்டர்" என்று அட்டையை அப்படியே திருப்பிக் காட்டினார் ஒரு தாத்தா. அதிலிருந்து எஸ்டேட்டில் "பிரட்டுச் சங்கு ஊதினதும் ஒண்ணு, படுக்கும்போது ஒண்ணு" என்று சொல்ல ஆரம்பித்தேன். பிரட்டுச் சங்கு என்பது காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் சங்கு.

கணக்கு இதைவிடக் கஷ்டம். எங்கள் மாவட்டத்து ஆதிவாசி மக்களிடம் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் உண்டு. அப்பா, அம்மா இருவருமே கடத்திகளாக (தங்களுக்கு நோய் இல்லாமல் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர்களாக) இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இப்படித்தான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் அப்படியே போய்ச் சொன்னேன். ஒருத்தி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, "எனக்கு மூணுதான், போதும்னு நிறுத்திட்டேன்" என்றாள். நாலாவது குழந்தைக்குத்தான் நோய் வரும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று இரவு யோசித்து இரண்டு சுருக்குப்பை தைத்தேன். அப்பா பை, அம்மா பை. ஒவ்வொன்றிலும் ஒரு காப்பிக்கொட்டை, ஒரு மொச்சை. காப்பிக்கொட்டைதான் நோய். கண்ணை மூடி இரண்டு பையிலிருந்தும் ஒவ்வொன்று எடுக்க வேண்டும், அதுதான் குழந்தை. முதல் கூட்டத்திலேயே விளையாட்டு கெட்டது. தடவிப் பார்த்து மொச்சையாகவே எடுத்தார்கள், யார்தான் தன் குழந்தைக்கு நோயை எடுப்பாள்? அப்புறம் ஒரே அளவில் வெள்ளை மொச்சையும் கறுப்பு மொச்சையும் தேடிப் பிடித்தேன். இரண்டும் கறுப்பு வந்தால் நோய், ஒன்று கறுப்பு வந்தால் குழந்தை நன்றாக இருக்கும் ஆனால் கடத்தும், இரண்டும் வெள்ளை என்றால் ஒன்றுமில்லை. எடுத்ததை மறுபடி பையில் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். அதுதான் முக்கியம், ஒவ்வொரு முறையும் பை புதுசு. முதல் குழந்தையிலேயே இரண்டு கறுப்பு எடுத்தவளைப் பார்த்ததும் கூட்டம் சட்டென்று அமைதியாகிவிடும். அந்த நேரத்தில், தொட்டால் ஒட்டாது, குளிரில் வெளியே போனால் கம்பளி, தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர், வலி வந்தால் உடனே ஆஸ்பத்திரி என்று நாலே நாலு விஷயம் சொல்வேன். ஐந்தாவது சொன்னால் முதலாவது மறந்துவிடும்.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த மொழிக்காரரும் அதற்கு ஆமாம் என்றுதான் சொல்வார்கள், நீங்கள் சீக்கிரம் கிளம்பினால் போதும் என்று. "வீட்டுக்குப் போய் உங்க அத்தைகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். அவர் தன் பேச்சில் சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் நம் விளக்கம் சரியில்லை என்று நம்மேல் போட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பியுங்கள். நன்றாகச் சொல்பவர் ஒருவர் எப்படியும் கிடைப்பார். அவர் சம்மதித்தால் அதையே போனில் குரலாகப் பதிந்து அந்த ஊர் ஆட்களுக்கு அனுப்பிவிடுங்கள், உங்கள் நோட்டீஸைவிட அது தூரம் போகும். பனி விஷயத்தில் நான் அன்று இதைக் கேட்டிருந்தால் அந்த முற்றத்திலேயே மாட்டியிருப்பேன்.

கூட்டம் முடிந்ததும் உடனே ஜீப் ஏறாதீர்கள். பையைக் கட்டுகிற மாதிரி கொஞ்சம் நேரம் கடத்துங்கள். ஒருநாள் அந்த மொச்சைக் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, வாயே திறக்காமல் இருந்த ஒரு பெண் பின்னாலேயே வந்து நின்றாள். பஸ் வெளிச்சம் வளைவில் தெரிந்த பிறகுதான் கேட்டாள்: "கறுப்பு வித்து அம்மா பையில இருந்துதான் வருமா?" மாமியார் அப்படிச் சொல்கிறாராம், வீட்டில் தினம் சண்டையாம். இரண்டு பையிலிருந்தும் ஒவ்வொன்று வந்தால்தான் நோய் என்றேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. இரண்டு பையையும் அவள் கையில் கொடுத்து, மாமியாரையே எடுத்துப் பார்க்கச் சொல் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.