ஐப்பசிக் கண்மாயில் பறவை பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துக் கண்மாய்களில் பறவை பார்க்கலாம் என்று புதிதாகப் பைனாகுலர் வாங்குபவர்களில் பலர் மார்கழி விடுமுறைக்காகக் காத்திருக்கிறார்கள். மழை முடிந்து, கண்மாய் நிறைந்து மிகுநீர் கலுங்கு வழியே பாய்ந்து, வானம் வெளுத்த பிறகுதான் பறவைகள் வரும் என்பது அவர்களுடைய எண்ணம். இந்தக் கணக்கில் புரட்டாசியும் ஐப்பசியும் அப்படியே விட்டுப்போகின்றன. வடக்கே கோடையைக் கழித்த உள்ளான்கள் என்னும் கரைப்பறவைகள் ஆவணியிலேயே இறங்கத் தொடங்கிவிடும். நீலச்சிறகி வாத்துகள் புரட்டாசி, ஐப்பசியில் வந்து சேரும். வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்குகிறது. அதற்கு முன்னும் பின்னுமான சில வாரங்களில் கண்மாயின் நடுவில் கொஞ்சம் நீரும் சுற்றிலும் சேறும் இருக்கும். உள்ளான்களுக்கு வேண்டியது அந்தச் சேறுதான். கண்மாய் நிறைந்துவிட்டால் சேறு மூழ்கிவிடும். மனிதர் கண்ணுக்கு நிறைவாகத் தோன்றும் கண்மாய் உள்ளானுக்குக் கால் ஊன்ற இடமில்லாத கண்மாய்.

ஆகவே முதல் தவறும் பெரிய தவறும், நீரைப் பார்க்காமல் பறவையைத் தேடுவது. பட்டாணி உப்புக்கொத்தியும் கொசு உள்ளானும் ஈரச் சேற்றிலும் விரற்கடை ஆழ நீரிலும் இரை தேடும். நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் ஆழம் வரை நடக்கும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, புள்ளிமூக்கு வாத்து போன்றவை தலையை நீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கி மேய்பவை என்பதால் ஏறத்தாழ ஒரு முழத்துக்கு மேற்பட்ட ஆழத்தில் அவற்றுக்குத் தரை எட்டாது. மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் ஆழம் ஒரு பொருட்டில்லை. கரையில் ஏறியதும் பைனாகுலரைக் கண்ணில் வைக்காமல், எந்த மூலையில் எவ்வளவு நீர் கிடக்கிறது, சேறு எங்கே, கோரையும் அல்லியும் எங்கே, உள்வாயில், அதாவது கரைக்கு உட்புறம் நீர் பரவும் பகுதியில், நாட்டுக்கருவேல மரங்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று ஐந்து நிமிடம் வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டால், எந்தப் பறவையை எங்கே எதிர்பார்க்கலாம் என்பது பாதி தெரிந்துவிடும்.

இதே காரணத்தால் ஊருணிக்கும் கண்மாய்க்கும் உள்ள வேறுபாட்டை மறப்பதும் ஏமாற்றத்தில் முடியும். செட்டிநாட்டு ஊருணி குடிநீருக்காக வெட்டியது. பல ஊர்களில் நான்கு பக்கமும் கல் கட்டி, படித்துறை வைத்து, வரத்துக்காலில் வரும் மழைநீரைத் தேக்குவார்கள். செங்குத்தான கற்கரையும் ஆழமான நீரும் உள்ள இடத்தில் உள்ளான் கூட்டத்தையோ வாத்துக் கூட்டத்தையோ எதிர்பார்ப்பது வீண். அங்கே முக்குளிப்பான் இருக்கும், சிறால் மீன்கொத்தி இருக்கும், படியில் வெண்புருவ வாலாட்டி ஓடித் திரியும். கோயில் தெப்பக்குளங்களும் இப்படித்தான். வாலாட்டியைப் பார்க்கவே நான் சில காலைகளில் ஊருணிக்குப் போவதுண்டு. அது வேறு விஷயம். குடிநீர் ஊருணியின் படியில் செருப்புக் காலுடன் இறங்கக் கூடாது என்பது வெளியூரிலிருந்து வருபவர்களுக்குத் தெரியாமல் போகிறது. ஒரு முறை படம் எடுக்கும் ஆவலில் நானே இறங்கிவிட்டேன். குடத்தோடு வந்த ஓர் ஆச்சி, "தம்பி, செருப்பை மேலே விட்டுட்டு வாங்க. இது நாங்க குடிக்கிற தண்ணி" என்று சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை, அதனாலேயே கூடுதலாக உறைத்தது.

கரையில் நிற்கும் திசையையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்தச் சீமையின் நிலம் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் கிழக்குக் கடலை நோக்கிச் சரிவது. நீரை மறிக்கக் கட்டியது கரை என்பதால், பெரும்பாலான கண்மாய்களில் அது கிழக்கிலோ தென்கிழக்கிலோ வளைந்து கிடக்கும். காலையில் கரையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்து, நீர்ப்பரப்பு முழுவதும் வெளிச்சத்தில் விரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் வெயில் நேராக முகத்தில் அடித்து, வாத்து எல்லாம் கறுப்பு வாத்தாகவும் உள்ளான் எல்லாம் கறுப்பு உள்ளானாகவும் தெரியும். மாலையில் போவதானால் சுற்றிக்கொண்டு உள்வாய்ப் பக்கம் போய்விடுவது நல்லது. நாற்றங்கால் வரப்பில் கால் வைக்காமல், வயலுக்கு உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

கரையின் உச்சியில் நடந்துகொண்டே பார்ப்பது அடுத்த தவறு. வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் மனித உருவத்தைப் பறவைகள் வெகு தூரத்திலேயே கண்டுகொள்கின்றன. ஆள்காட்டிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை: அது ஒன்று எழுந்து கத்தினால் சேற்றில் மேய்ந்த உள்ளான்கள் எல்லாம் ஒரே வீச்சில் கிளம்பிவிடும். பனைமரத்து நிழலிலோ மடைச் சுவரின் ஓரத்திலோ உடலை மறைத்துக்கொண்டு இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால், கிளம்பிய பறவைகளில் பாதியாவது திரும்பிவரும். வெள்ளைச் சட்டையும் பளிச்சென்ற மழைக்கோட்டும் வேண்டாம். இருபது மடங்கு, முப்பது மடங்கு பெரிதாக்கும் என்று விளம்பரம் செய்யும் கண்ணாடியும் வேண்டாம். கை நடுக்கத்தையும் அது அத்தனை மடங்கு பெரிதாக்கும். 8 × 42 என்று குறித்த கண்ணாடி, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கி 42 மில்லிமீட்டர் அகல முகப்பு வில்லை உள்ளது, மேகமூட்டமான ஐப்பசிக் காலைக்குப் போதும்.

அடையாளம் காண்பதில் நேரும் பிழைகளுக்கு இந்தப் பருவமே ஒரு காரணம். நூல்களில் அச்சான படங்களில் ஆண் வாத்துகள் இனப்பெருக்கக் கால நிறத்தில் மின்னும். நம் கண்மாய்க்கு ஐப்பசியில் வந்து இறங்கும் ஆண் வாத்துகள் அந்த நிறத்தில் இருப்பதில்லை. கோடை முடிவில் இறகு உதிர்த்து, பெட்டையைப் போன்ற மங்கிய உடையில் அவை பயணம் செய்கின்றன. ஆண் நீலச்சிறகியின் அடையாளமான வெள்ளைப் புருவக்கோடு பல மாதங்களுக்கு வெளிப்படாது. பறவை பார்க்கத் தொடங்கிய ஆண்டில் அறுபதுக்கு மேற்பட்ட நீலச்சிறகிகளைப் பார்த்துவிட்டு, "எல்லாம் பெட்டை, ஆண் ஒன்றுகூட இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதி, அதற்கு ஒரு காரணத்தையும் நானே கற்பித்து வைத்திருந்தேன். அவை பறக்கும்போது முன்சிறகைப் பார்த்திருக்க வேண்டும். ஆணுக்கு அந்த இடம் வெளிர் நீலச் சாம்பலாக இருக்கும், பறவையின் தமிழ்ப் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது.

உள்ளான்களும் சாம்பலும் பழுப்புமான உடையில்தான் இருக்கும் என்பதால், நிறத்தைவிட நடத்தையையும் உருவத்தையும் நம்புவது நல்லது. சாதாரண உள்ளான் என்னும் இனம் ஓயாமல் பின்னுடலை மேலும் கீழும் ஆட்டும், தோளுக்கு முன்னால் வெள்ளை ஒன்று மேலேறி நிற்கும். பொறி உள்ளானுக்கு முதுகில் பொறிகள், கண்ணுக்குப் பின்னாலும் நீளும் வெண்புருவம், மஞ்சளோடிய கால்கள். அதோடு குழப்பிக்கொள்ளப்படும் பச்சை உள்ளான் பறக்கும்போது சிறகின் அடிப்பக்கம் கருமையாகத் தெரியும். பொறி உள்ளானுக்கு அந்த இடம் வெளிறியிருக்கும்.

வெள்ளையாக நிற்பதெல்லாம் கொக்கு என்று எழுதிவிட்டுப் போவதும் உண்டு. கறுப்பு அலகும் கறுப்புக் காலும் மஞ்சள் விரல்களும் இருந்தால் சின்னக் கொக்கு. மாட்டின் பின்னால் நடந்து, இந்தப் பருவத்தில் அலகு மஞ்சளாக இருப்பது உண்ணிக்கொக்கு. பெரிய கொக்குக்கு வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். அதற்குச் சற்றுச் சிறிய நடுத்தரக் கொக்குக்குக் கண்ணோடு நின்றுவிடும். மடையான் நிற்கும்போது மண் நிறமாக இருந்து பறக்கும்போது வெள்ளையாகிவிடுவதால், ஒரே பறவையை இரண்டாக எண்ணியவர்களும் இருக்கிறார்கள். நத்தைக்குத்தி நாரையின் மூடிய அலகில் நடுவே தெரியும் இடைவெளி வளர்ந்த பறவைக்கு மட்டுமே உரியது. இளம் பறவையின் அலகு இடைவெளியின்றி இருக்கும். நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நீந்தும் நாமக்கோழி வாத்து இனமே இல்லை.

பறவைகளின் ஊரைப் பற்றிய தவறு ஒன்று தனியாகச் சொல்லத் தக்கது, ஏனெனில் அது ஒவ்வோர் ஆண்டும் செய்தியாகவே வந்துவிடுகிறது. கண்மாய் மரத்தில் பெரிய பறவைகள் கூடு கட்டினால், அவை ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்தவை என்று எழுதிவிடுகிறார்கள். மஞ்சள்மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, வக்கா ஆகியவை நம் நாட்டிலேயே வாழ்ந்து, மழையையும் நீரையும் பின்தொடர்ந்து இடம் மாறுபவை. இந்தப் பக்கத்து மரங்களில் அவை கூடு கட்டுவதே அவை இந்த மண்ணின் குடிகள் என்பதற்குச் சான்று. உண்மையில் வெகு தூரம் பறந்து வந்த பொறி உள்ளானும் நீலச்சிறகியும் இங்கே கூடு கட்டுவதில்லை; இரை தேடிக் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பும். சீழ்க்கையடித்துக்கொண்டு பறக்கும் சீழ்க்கைச்சிறகியும் உள்ளூர் வாத்துதான். விருந்தாளியைக் கொண்டாடும் ஆவலில் வீட்டுக்காரரை மறந்துவிடுகிறோம்.

கூடு கட்டும் இடங்களில் செய்யக் கூடாதவை வேறு வகை. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கு அருகில், வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் சேர்ந்த வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977 முதல் இருக்கிறது. தீபாவளி ஐப்பசியில் வருவதும், அதே பருவத்தில் பறவைகள் மரங்களில் கூடத் தொடங்குவதும் ஒன்றாக நேர்வதால், அவ்வூர்க்காரர்கள் பல ஆண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. பட்டாசுச் சத்தம் இல்லாத தீபாவளியை ஏற்றுக்கொண்ட ஊருக்குப் போய், கார் ஒலிப்பானை அடித்துப் பறவைகளைக் கிளப்பிப் படம் எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூட்டின் அடியில் போய் நிற்பது, டிரோன் விடுவது, மரத்தைத் தட்டுவது எல்லாம் ஒரே விளைவைத் தரும்: தாய்ப்பறவை எழுந்துவிடும், முட்டை வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கும், அருகில் காத்திருக்கும் காகம் வேலையை முடித்துவிடும். கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுத் தோட்டக்கள்ளன் என்னும் ஆறுமணிக்குருவியை வரவழைப்பதும் வேண்டாம். பல இரவுகள் பறந்து இளைத்து வந்து இறங்கிய பறவையை இல்லாத எதிரியைத் தேடி அலைய வைக்கும் செயல் அது. சரணாலயத்துக்கு வெளியே இருக்கும் கூட்டின் இடத்தைச் சமூக ஊடகத்தில் எழுதுவதும் ஆபத்து, ஏனெனில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்திருந்தும் கொக்கு பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உயிருக்கே கேடாகக்கூடிய தவறும் உண்டு. கோடையில் வண்டலும் சவுடும் அள்ளிய குழிகள் கண்மாய் உள்வாயில் அப்படியே கிடக்கும். ஐப்பசியில் அவற்றின்மேல் செம்மண் கலங்கல் நிறைந்து, முழங்கால் நீரும் இரண்டு ஆள் ஆழமும் ஒன்றுபோலத் தோன்றும். பறவை எவ்வளவு அருகில் இருந்தாலும், பழக்கமில்லாத கண்மாயில் இறங்கவே கூடாது. எங்கே குழி என்று நீர்பாய்ச்சுபவருக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கினால் கரைப் பனைமரத்தின் அடியில் ஒதுங்குவதும் அப்படிப்பட்டதே.

பதிவு செய்வதில் கைப்பேசிச் செயலியை அளவுக்கு மீறி நம்புகிறார்கள். தூரத்து உள்ளானின் மங்கலான படத்தைக் கொடுத்தால் மெர்லின் ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெயர் ஒரு யோசனைதான், தீர்ப்பு ஆகாது. அலகின் நீளம், காலின் நிறம், நடத்தை ஆகியவற்றைக் கண்ட மாத்திரத்தில் தாளில் எழுதிவிட்டுப் பிறகு செயலியிடம் கேட்பதே முறை. தெரியாததை "உள்ளான், இனம் தெரியவில்லை" என்று எழுதுவதில் இழிவு ஒன்றும் இல்லை. பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றுபவர்கள் எண்ணிக்கையையும் சேர்க்க வேண்டும். பெரிய கூட்டத்தில் பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அந்த அளவால் மீதியை மதிப்பிடலாம். தை மாதப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ள நினைப்பவர்கள் இந்தப் பழக்கத்தை ஐப்பசியிலேயே தொடங்கிவிட்டால், அன்றைக்குக் கை தடுமாறாது. ஒவ்வொரு நாள் குறிப்பின் தலையிலும் நான் இப்போது நீர்மட்டத்தை எழுதுகிறேன்: மடையின் எத்தனையாவது கல் வரை நீர், சேறு எந்தப் பக்கம் என்று.

ஒரு முறை போய், "இந்தக் கண்மாயில் ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டுபவர்கள் மாசியில் மறுபடி போக வேண்டும். வயலுக்குப் பாய்ந்ததும் வெயில் குடித்ததும் போக நீர் சுருங்கி, மழைக்கு முன் இருந்த சேறு மீண்டும் வெளியே வந்திருக்கும். உள்ளான்கள் வடக்கே கிளம்புவதற்கு முன் கொழுப்புச் சேர்க்க அதில் ஓடியோடி மேய்ந்துகொண்டிருக்கும். அந்த அறுபது நீலச்சிறகிகளில் ஏறத்தாழ பாதிக்கு அப்போது வெள்ளைப் புருவம் வந்திருந்தது.