பழைய கேம்பர் வேனில் பெட்ரோல் வாடையும் மைலேஜ் குறைவும்: காரணத்தைத் தேடும் முறை

பழைய மாருதி ஆம்னியில் பலகைக் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்க் கேனும் பொருத்தி, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறி இறங்குபவர்கள் பட்டறையில் சொல்லும் புகார் பெரும்பாலும் இரட்டைப் புகாராகவே இருக்கும்: பெட்ரோல் வாடை அடிக்கிறது, மைலேஜும் தருவதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்று எண்ணி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை மாற்றினால் பணம் போகும். வாடை அப்படியே இருக்கும். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால்கூட ஒரு மணி நேரத்தில் கால் லிட்டரைத் தாண்டாது. ஆனால் அந்த அளவு ஒழுக்கு கண்ணுக்கும் கைக்கும் தப்பாது. ஆகவே ஈரமே தெரியாமல் வாடை மட்டும் வரும் வண்டியில், மைலேஜைக் குறைப்பது வேறு ஏதோ ஒன்று. இரண்டையும் தனித்தனியாகத் தேடத் தொடங்குங்கள். அவை சேரும் இடங்கள் மூன்று உண்டு, அவற்றைப் பிறகு பார்ப்போம். கீழே உள்ளவை கார்புரேட்டர் உள்ள 796 சிசி ஆம்னிக்கானவை; அதே வகையான பிற பழைய வேன்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தொடங்கும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டிப் பரவி, பள்ளத்தில் தேங்கும். அதனால் இந்த வேலையை மூடிய ஷெட்டிலோ பட்டறைக் குழியிலோ செய்யாமல் வெட்டவெளியில், எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு செய்ய வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். வண்டிக்குள் இருக்கும் கேஸ் சிலிண்டரை இறக்கித் தொலைவில் வையுங்கள்; அதன் குழாயையும் ரெகுலேட்டரையும் சோப்பு நுரை தடவி ஒருமுறை சோதித்துவிட்டால், வருவது சமையல் வாயுவா பெட்ரோலா என்ற ஐயமும் தீரும். வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் போதும், ஒயர் நீட்டிய குண்டு பல்பு வேண்டாம். உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முதல் படி: வாடை எப்போது வருகிறது?

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தேடுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால், எங்கு கசிந்தாலும் வாடை ஓட்டுநரின் மூக்குக்குத்தான் வரும். வாடை வரும் இடத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, வரும் நேரத்தை வைத்து முடிவு செய்யலாம்.

டேங்கை நிரப்பிய பின்னரும், ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பெட்ரோல் அலம்பும்போதும் மட்டும் வாடை வந்து, டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியதும் நின்றுவிட்டால், பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்க் வரை செல்லும் தடித்த ரப்பர் குழாய், அதன் பக்கத்துக் காற்றுக் குழாய், டேங்க் மேலுள்ள, பெட்ரோல் அளவைக் காட்டும் மீட்டர் யூனிட்டின் வாஷர் ஆகியவற்றைப் பாருங்கள். கேம்பராக மாற்றிய வண்டிகளில் கட்டிலும் தரைவிரிப்பும் இந்த இடங்களை மறைத்துவிடுவது வழக்கம். பலகையைக் கழற்றாமல் பார்த்ததாகச் சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம். பங்கில் பம்ப் தானாக நின்ற பிறகும் கழுத்து வரை ஊற்றச் சொல்லிவிட்டுச் சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்தினால், நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த பெட்ரோல் சூடேறி விரிந்து மூடி வழியே வாடை விடும். அது கோளாறு அன்று, பழக்கம்.

மலையேறி வண்டியை நிறுத்திய பத்து, இருபது நிமிடத்தில் வாடை வந்து, மறுபடி ஸ்டார்ட் செய்யவும் சிரமம் இருந்தால், எஞ்சின் சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து வழிகிறது என்று பொருள். கார்புரேட்டருக்கும், கலவையை எஞ்சினுக்குள் கொண்டுசெல்லும் மேனிஃபோல்டுக்கும் இடையில் வெப்பத்தைத் தடுக்கும் தடித்த பேக்கிங் இருக்கிறதா, ஆவிக் குழாய்கள் எங்காவது கழன்று தொங்குகின்றனவா என்று பாருங்கள். இரவு முழுவதும் நிறுத்திய வண்டியில் காலையில் வாடை அடித்தால் கசிவு பெரும்பாலும் குழாய்களில் இருக்கும். ஓடும்போது சைலன்சர் புகையில் மட்டும் வந்தால், கசிவு எதுவும் இல்லை. பெட்ரோல் முழுதாக எரியவில்லை.

இரண்டாம் படி: கசிவைக் கண்ணால் காண்பது

மாலையில் வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டையை விரித்து, அதில் சக்கரங்களின் இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் அழுக்கோடு கலந்து மங்கலான தடம் விட்டுப் போகும். அட்டை சுத்தமாக இருந்தால், ஒவ்வொரு இணைப்பையும் துணியால் உலரத் துடைத்து அதன்மேல் சாக்பீஸ் தூளைத் தூவி, பேட்டரி வயரை மாட்டி எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்துங்கள். ஈரம் பட்ட தூள் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். ரப்பர் குழாய்களைக் கிளிப்பை ஒட்டிய இடத்தில் விரல்களால் வளைத்துப் பாருங்கள். நடுவில் நன்றாகத் தெரியும் குழாய் அங்கேதான் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். 2023 முதல் படிப்படியாகப் பரவிய இ20 பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருப்பதால், அதற்கு முன் பொருத்திய பழைய ரப்பர் விரைவில் கெட்டுப்போகிறது. ஒன்றில் விரிசல் இருந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கடையில் பெட்ரோல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், தண்ணீர்க் குழாய் பெட்ரோலைத் தாங்காது. கிளிப்பை அளவுக்கு மீறி முறுக்கினால் அதுவே குழாயை அறுத்துவிடும்.

மூன்றாம் படி: மைலேஜை அளப்பது

மலைச் சாலையில் அளந்த மைலேஜ் எதற்கும் உதவாது. பங்கில் பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, சேலத்திலிருந்து ஆத்தூர் வரை சென்று திரும்புங்கள். போய்வர 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதே பங்கில், அதே பம்பில், அதே முறையில் மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். 110 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 11. வழியில் பத்துக் கிலோமீட்டர் கற்களோடு மீட்டரை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் டயர் அளவை மாற்றிய வண்டிகளில் மீட்டரே பொய் சொல்லும். கலப்பில்லாத பெட்ரோலைவிட இ20-இல் லிட்டருக்கு ஆறேழு விழுக்காடு ஆற்றல் குறைவு. அதைக் கோளாறாகக் கொள்ள வேண்டாம். கூரைக் கேரியரும் 40 லிட்டர் தண்ணீரும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும்.

திரும்பி வந்ததும் நான்கு சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். பிரேக்கை அதிகம் மிதிக்காமலே ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏற்காட்டிலிருந்து இறங்கிய வண்டியில் எல்லாமே கொதிக்கும் என்பதால் இந்தச் சோதனையைச் சமதரையில்தான் செய்ய வேண்டும். அடுத்து, எஞ்சின் ஆறிய பிறகு மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசை மாறாமல் வையுங்கள். வெளிர் பழுப்பு நல்ல நிறம். மூன்றும் கரி பிடித்துக் கறுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் மிகை. ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்தப் பிளக்கையோ அதன் வயரையோ பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒளி ஊடுருவாவிட்டால் மாற்றுங்கள்.

நான்காம் படி: இரண்டு புகாரும் சேரும் மூன்று இடங்கள்

முதலாவது, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் சோக். அதன் இழுவையை முழுவதும் உள்ளே தள்ளிய பின் கார்புரேட்டர் வாயிலுள்ள தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். கம்பி துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிட்டால் நாள் முழுவதும் சோக் போட்டு ஓட்டுவதாக ஆகும்.

இரண்டாவது, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையும் அதன் ஊசி வால்வும். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி எஞ்சினைச் சிறிது நேரம் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், ஓட்டி நிறுத்துங்கள். ஓடும்போது முகத்தைக் குனிந்து வைக்காதீர்கள், தீ சீறக்கூடும். நின்ற பிறகும் உள்ளே பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருந்தால் ஊசி வால்வு அடைக்கவில்லை. ரிப்பேர் கிட் போதும், புதுக் கார்புரேட்டர் தேவையில்லை.

மூன்றாவதைத்தான் பலர் பார்க்கத் தவறுகிறார்கள், ஆபத்தும் அதில்தான் அதிகம். எஞ்சினோடு இணைந்த பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் என்னும் சவ்வு கிழிந்தால், பெட்ரோல் வெளியே ஒழுகலாம், அல்லது எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கலாம். உள்ளே இறங்கினால் தரையில் ஒரு சொட்டும் தெரியாது. ஆயில் கம்பியை உருவி முகர்ந்து பாருங்கள்: பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்து, ஆயில் தண்ணீராக வழிந்து, அளவும் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மலைப்பாதையில் இரண்டாம் கியரில் இழுக்கும் எஞ்சினின் பேரிங்குகளை அந்த நீர்த்த ஆயில் காப்பாற்றாது. பம்பை மாற்றுவதோடு ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் கட்டாயம் மாற்றுங்கள்.

எல்லாம் சரிசெய்த பின் ஆத்தூர்ச் சாலையில் மறுபடி அளந்துவிட்டு மலையேறலாம். சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாததால் கலவையில் பெட்ரோல் சற்று மிகுந்து, சைலன்சரில் லேசான வாடை வருவது இயல்பு. அதைக் கண்டு மேலேயே கார்புரேட்டர் திருகைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்துவிடாதீர்கள். சேலத்துக்கு இறங்கியதும் பெட்ரோல் போதாமல் வண்டி ஐடிலில் நிற்காது. வண்டி பெரும்பாலும் எங்கே ஓடுகிறதோ அங்கேயே டியூனிங் செய்யுங்கள்.