எரிமலைக் காட்டில் வழிகாட்டியோடு நடக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகாவின் அரேனல் எரிமலைத் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பலர், முகட்டில் நெருப்பு வழிவதைப் பார்க்கலாம் என்ற நினைப்பில் போகிறார்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது. 1968 ஜூலை 29 அன்று வெடித்து அடிவாரத்துக் கிராமங்களை அழித்த அரேனல், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கனன்றுகொண்டே இருந்து 2010இல் அடங்கியது. உச்சிக்கு ஏற அனுமதி கிடையாது. மேகம் இறங்கினால் மலையே கண்ணுக்குத் தெரியாது. மழைக்காட்டில் அது அடிக்கடி நடப்பதுதான். நெருப்பைத் தேடிப் போனவர்கள் அரை மணி நேரத்தில் முகம் வாடி, “இவ்வளவுதானா?” என்று வழிகாட்டியிடம் கேட்கிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அங்கே பார்க்க வேண்டியது, எரிந்து கருகிய நிலத்துக்குக் காடு எப்படித் திரும்பி வருகிறது என்பதை. 1992இல் வழிந்து உறைந்த லாவாவின் மேல் ஒரு பாதை ஏறுகிறது. கருங்கற்களின் மேல் பொரிபொரியாகப் படர்ந்திருப்பது, பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் லைக்கன். அதை அடுத்து பாசி, பிறகு பெரணி. இடுக்குகளில் சேர்ந்த பிடி மண்ணில் ஒரு சிறு ஆர்க்கிட் பூத்திருக்கும். லாவா தொடாத பக்கத்தில் முதிர்ந்த காடும் விழுதுபோன்ற கொடிகளும் பலகை வேர்களோடு ஓங்கி நிற்கும் இலவ மரமும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே காலையில் பார்க்கிறவருக்கு, எரிமலை அழித்ததும் அதற்குப் பின் முளைத்ததும் சேர்ந்தே புரியும்.

அடுத்த தவறு, வழிகாட்டியை முந்திக்கொண்டு நடப்பது. எத்தனை கிலோமீட்டர் நடந்தோம் என்ற கணக்குக்கு இங்கே வேலையில்லை. செங்கண் மரத்தவளை பகலில் இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு தூங்கும். கால்களை உடலோடு மடக்கி, விலாவில் இருக்கும் நீலத்தையும் மஞ்சளையும் மறைத்து, சிவந்த கண்களையும் மூடிக்கொண்டால் அதுவும் ஒரு பச்சைப் புடைப்புத்தான். அனுபவம் உள்ள வழிகாட்டியின் கண்ணுக்கு அது சிக்கும். விறுவிறுவென்று நடப்பவர் அந்த இலையை உரசிக்கொண்டே தாண்டிப் போவார். உரக்கப் பேசிக்கொண்டு நடக்கும் குழுவுக்குப் பறவைகளும் கிடைப்பதில்லை. வழிகாட்டி நின்றால் நில்லுங்கள். கை உயர்த்தினால் பேச்சை நிறுத்துங்கள்.

அதனால்தான் வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது என்கிறேன். அந்த நாட்டில் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு அரசின் சுற்றுலா நிறுவனம் அடையாள அட்டை வழங்குகிறது. அதைக் காட்டச் சொல்வதில் கூச்சம் தேவையில்லை. எரிமலையைச் சுற்றித் தனியார் காப்புக்காடுகளும் உண்டு. அவையும் நல்ல இடங்களே. ஆனால் பதிவு செய்வது தேசியப் பூங்காவுக்கா, தனியார் பாதைக்கா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதையை விட்டு விலகுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஆறிய லாவா கண்ணாடிச் சில்லுபோல் கூர்மையானது. தடுக்கி விழுந்து கையை ஊன்றினால் உள்ளங்கை கிழியும். கோஸ்டா ரிகாவின் வடமேற்கில் உள்ள ரின்கோன் டெ லா வியேஹா பூங்காவில் சேறு கொதிக்கும் குழிகளும் நீராவித் துளைகளும் உண்டு. அவற்றின் ஓரத்தில் மேல்மண் கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் கொதிக்கும் சேறு இருக்கலாம். ஒரு நல்ல படத்துக்காக வேலியைத் தாண்டுகிறவர் தம் முழு எடையையும் அந்த மெல்லிய ஏட்டின் மேல்தான் வைக்கிறார்.

காட்டுக்குள்ளோ கையைக் கவனிக்க வேண்டும். வழுக்கும்போது பக்கத்து மரத்தைப் பிடிப்பது நமக்கு இயல்பு. அதே மரத்தில் புல்லட் எறும்பு ஊர்ந்துகொண்டிருக்கலாம்; அதன் கொட்டு பல மணி நேரம் வலிக்கும். கண்ணுக்கு மேலே இமைமயிர்போல் செதில்கள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு விரியன், நம் கை எட்டும் உயரத்துக் கிளைகளிலேயே அசையாமல் சுருண்டிருக்கும். பார்த்துவிட்டுப் பிடியுங்கள், ஊன்றுகோல் ஒன்று இருந்தால் மரத்தைத் தேட வேண்டியதே இல்லை.

மூடிய பாதையைத் திறக்கச் சொல்லி வழிகாட்டியை வற்புறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இதில் மட்டும் நான் கடுமையாகவே சொல்வேன். இந்தோனேசியாவின் மராப்பி எரிமலையில், உச்சியில் உள்ள எரிமலைப் பள்ளத்திலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்று எரிமலைத் துறை பரிந்துரைத்திருந்தும் மலையேற்றம் நடந்துகொண்டிருந்தது. 2023 டிசம்பர் 3 அன்று அது திடீரென்று வெடித்தது. மலையேறியவர்கள் 24 பேர் இறந்தார்கள். எரிமலை எப்போதும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வெடிப்பதில்லை. 2017இல் வெடித்த கோஸ்டா ரிகாவின் போவாஸ் எரிமலை, அடுத்த ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டபோது பள்ளத்தின் விளிம்பில் நிற்கக் கால வரம்பும் தலைக்கவசமும் வந்தன. “இன்னும் ஐந்தே நிமிடம்” என்று கெஞ்சாதீர்கள்.

புகை வரும் எரிமலைகளில் கந்தக டை ஆக்சைடு மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆஸ்துமா, இதய நோய், கர்ப்பம் இருந்தால் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும். முழங்கால் வலியையும் மறைக்க வேண்டாம். தெரிந்தால் வழிகாட்டி பாதையை மாற்றிக்கொள்வார். அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று எண்ணுவதும் தவறு. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு அதை உணரும் திறனையே இழந்துவிடும்.

விலங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். கையில் கொசு மருந்து பூசியிருக்கும்போது தவளையைத் தொடவே கூடாது. அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, கனக்கும். மெல்லிய முழுக்கால்சட்டை, பிடிமானமுள்ள பழகிய காலணி, மழைச்சட்டை போதும்.

மழை நம் தலையில் பெய்யாவிட்டாலும் மலை மேல் பெய்திருக்கலாம். அப்போது ஓடையில் தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கும். காட்டாற்று வெள்ளம் பின்னாலேயே வரும். குளித்துக்கொண்டிருந்தால் உடனே கரையேறுங்கள், செருப்பைத் தேடாதீர்கள். அந்தப் பகுதியில் ஆண்டு முழுவதும் மாலை 6 மணியை ஒட்டி இருட்டிவிடும், மரங்களுக்குக் கீழே அதற்கும் முன்பே. பிற்பகல் நடையைவிடக் காலை நடைக்கே பதிவு செய்யுங்கள்.