யானை ஆட்டம் எனக்குப் பிடிபட்ட கதை

செஸ்ஸில் ஒரு சிப்பாய் அதிகம் இருந்தும், ராஜாக்களும் யானைகளும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும் யானை முடிவாட்டங்கள் என் கையில் டிராவாகவே போய்க்கொண்டிருந்தன. அதைச் சரிசெய்தது, கொழிஞ்சாம்பாறையில் ஒரு ரிட்டயர்டு மாஷிடம் (வாத்தியாரிடம்) நான் ஜெயித்த ஆட்டம்தான். தோற்றதை எல்லோரும் நோண்டுவார்கள். ஜெயித்ததை யார் திரும்பப் பார்க்கிறார்கள்?

ஒவ்வொரு நகர்த்தலிலும் என்ன நினைத்தேன் என்று முதலில் நோட்டில் எழுதினேன். அப்புறம்தான் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் கம்ப்யூட்டர் புரோகிராமிடம் கேட்டேன். என் சிப்பாய் டி5 கட்டத்தில் நின்றபோது மாஷின் யானை ஆறாவது வரிசையைக் காத்துக்கொண்டிருந்தது. சிப்பாய் டி6-க்கு ஏறும்வரை அங்கேயே இருந்து, ஏறியதும் பின்னால் போய்ச் செக் கொடுத்திருந்தால் என் ராஜாவுக்கு ஒதுங்க இடமே இல்லை, டிரா. ஃபிலிடோர் என்ற பிரெஞ்சு செஸ் மேதை 18-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிய தற்காப்பு இது. மாஷ் முன்னாலேயே கிளம்பிவிட்டார். என் ராஜா டி6-இல் சிப்பாயின் மறைவில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்போதும் அவருக்குத் தப்ப வழி இருந்தது, ஆனால் கஷ்டமான வழி.

கடைசியில் என் ராஜா டி8, சிப்பாய் டி7, யானை எஃப்1. அவர் ராஜா ஜி7, யானை சி2. யானையை எஃப்4-க்கு ஏற்றினேன். இனி என் ராஜா வெளியே வந்து, செக்குகளை வாங்கிக்கொண்டே டி5 வரை இறங்கும்; அப்போது யானை டி4-இல் குறுக்கே வந்து மறைத்துவிடும். லூசெனா நிலை என்பார்கள். 1497-இல் வந்த, லூசெனா என்ற ஸ்பெயின்காரரின் செஸ் புத்தகத்தில் இந்த நிலையே கிடையாது என்பது வேடிக்கை.

இப்போது இரண்டு நிலைகளையும் பலகையில் வைத்து, பக்கம் மாற்றி மாற்றி மாஷுடன் ஆடுகிறேன். சிப்பாயைத் தள்ளும் முன் எதிரி ராஜாவை ஒதுக்கி வைப்பது தானாகவே வருகிறது.