வெளிநாட்டிலிருந்து ராமேஸ்வரம் தீவுக்குக் குடிவருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துபாய், சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு ராமேஸ்வரம் தீவில் வந்து பிழைக்க நினைப்பவர்கள் பலர் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் இடம் பார்த்து, அப்போதே அட்வான்ஸும் கொடுத்துவிடுகிறார்கள். அது கச்சான் காலம், அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கிற காலம். தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். தங்கச்சிமடம் வடகரையில் நின்றால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஐப்பசிக்கு அப்புறம் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று இறங்கியதும் அதே கரையில் அலை அறையும். ஒரு வருடமாவது வாடகை வீட்டில் இருந்து, இரண்டு காற்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியை விரலால் சுரண்டிப் பாருங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்தால் உங்கள் ஏசிக்கும் அதே கதிதான். சித்திரையில் குடிதண்ணீர் எங்கே எடுக்கிறார்கள் என்பதை அந்த வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள், புரோக்கரிடம் வேண்டாம். பட்டா இருந்தாலே வீடு கட்டிவிடலாம் என்றும் இல்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே நிற்கும்.

இதைவிடப் பெரிய தவறு, சேமிப்பை மொத்தமாக ஒரு விசைப்படகில் போடுவது. படகு முதலாளியைச் சொல்லும் 'சம்மாட்டி' என்ற பேரில் நாலு பேர் கூப்பிடுவது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மற்ற மாதங்களிலும் ராமேஸ்வரத்தில் விசைப்படகுகளுக்கு வாரம் மூன்று நாள்தான் கடல்; திங்கள், புதன், சனி. அதற்கும் மீன்துறையிடம் அனுமதி டோக்கன் வாங்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் அதுவும் கிடைக்காது. இலங்கைக் கடற்படை யாரையாவது பிடித்துவிட்டால் சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவிக்கும். அன்றைக்கு 'என் படகு, நான் அனுப்புவேன்' என்று தனியாகக் கிளம்பினால் மறுநாள் உங்கள் படகில் ஏற ஆள் இருக்காது. உங்கள் படகே பிடிபட்டால்? அங்கேயே கிடந்து மக்கிப்போன படகுகள் நிறைய. டீசலும் ஐஸும் ஏறிய கணக்கு, ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம், இதையெல்லாம் துறைமுகத்தில் நின்று சில மாதம் கவனித்தபின், அப்படியும் ஆசை போகவில்லையென்றால், ஒரு நாட்டுப்படகில் சின்னப் பங்கு போதும்.

கடலடியில் ஊரும் கடல் அட்டை என்ற உயிரினத்தைப் பிடித்து விற்றால் நல்ல காசு என்று யாராவது பங்குக்குக் கூப்பிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 2001-லேயே அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். கையில் வைத்திருந்தாலே ஜெயில். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்குச் சுற்றுலாப் படகு விடும் யோசனையும் வேண்டாம், அது தேசியப் பூங்கா.

நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கிக்குச் சொல்லி, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். பலர் வருடக்கணக்கில் அப்படியே விட்டுவைக்கிறார்கள். வயதான அப்பா அம்மாவோடு வருபவர்கள், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ராமேஸ்வரம் ஊரிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் மேல் என்பதை வீடு பார்க்கும்போதே கணக்கில் வையுங்கள். மதுரையில் விமானம் ஏற வேண்டிய நாளில் ரயிலை மட்டும் நம்பாதீர்கள். காற்று பலமாக அடித்தால் பாம்பன் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள்.