புகையில் வாட்டிய பலோனி: ஓக்லஹோமா முறையில் ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்க மளிகைக் கடைகளில் உறையிட்ட முழு உருளையாகக் கிடைக்கும் பலோனி, ஆலையிலேயே வேகவைக்கப்பட்டு வருகிற ஒரு சாசேஜ் வகை. ஆகவே அதைப் புகையில் வாட்டுவது வேகவைப்பதற்காக அன்று. மென்மையாகவும் ஓரளவு சப்பென்றும் இருக்கும் இறைச்சிக்குப் புகைமணத்தையும், கருத்து மொறுமொறுப்பான ஒரு மேற்புறத்தையும் கொடுப்பதற்காகத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் செய்கிற பிழையை, அதாவது பொறுமையிழந்து தீயைக் கூட்டுவதை, எளிதாகத் தவிர்த்துவிடலாம்.

எந்த பலோனியை வாங்குவது?

இத்தாலியின் பொலோனா நகரத்து மோர்ட்டடெல்லா என்னும் சாசேஜ்தான் இதன் மூதாதை. மோர்ட்டடெல்லாவை வெட்டினால் வெள்ளைக் கொழுப்புத் துண்டுகள் தனியே தெரியும். அமெரிக்க பலோனியிலோ இறைச்சியும் கொழுப்பும் பிரித்தறிய முடியாதபடி விழுதாக அரைக்கப்பட்டிருக்கும். கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அந்நாட்டு வேளாண்மைத் துறையின் விதி. மாடு, பன்றி, கோழி, வான்கோழி ஆகியவற்றில் ஒன்றோ பலவோ சேர்ந்திருக்கும் என்பதால், மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ உண்ணாதவர்கள் உறையில் அச்சிட்டுள்ள சேர்மானப் பட்டியலைப் படித்த பிறகே வாங்க வேண்டும்.

பெயரில் பலோனி என்றிருப்பவை எல்லாம் ஸ்மோக்கருக்கு (இறைச்சியை மரப்புகையில் வாட்டும் மூடிய அடுப்பு) ஏற்றவை அல்ல. பென்சில்வேனியா மாநிலத்தில் லெபனான் என்ற ஊரையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் சேர்ந்த லெபனான் பலோனி, அங்கே குடியேறிய ஜெர்மானிய வழியினரின் கைப்பக்குவம். மாட்டிறைச்சியைப் புளிக்கவைத்து, அதிகச் சூடில்லாத மரப்புகையில் நாள்கணக்கில் தொங்கவிட்டு அதைச் செய்கிறார்கள். அடர்ந்த நிறமும் தெளிவான புளிப்பும் அதன் அடையாளம். பக்கத்து ஊரான பால்மைராவில் செல்ட்ஸர்ஸ் நிறுவனம் 1902 முதல் இதைத் தயாரித்துவருகிறது. (புத்தாண்டுக்கு முந்தைய இரவில் பெரியதொரு பலோனியை உயரத்திலிருந்து இறக்கி ஆண்டின் பிறப்பைக் கொண்டாடும் அளவுக்கு லெபனான் ஊருக்கு இதன்மேல் பற்று.) ஏற்கெனவே புகையைக் குடித்து வந்த இதை மறுபடியும் புகையில் வைத்தால் காய்ந்துபோவதைத் தவிர வேறு பயன் இல்லை. மெல்லிய வில்லைகளாக வெட்டி, கிரீம் சீஸ் தடவிச் சுருட்டி, சூடாக்காமலேயே உண்பதே அதற்கு முறை.

ஒஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டியில் உள்ள டிரெயில் என்னும் சிற்றூரின் பெயரைத் தாங்கிய டிரெயில் பலோனியும் அப்படித்தான். ஸ்விஸ் சீஸுடனும் உப்பு பிஸ்கட்டுடனும் பரிமாறினாலே போதும். மிச்சிகனின் யேல் நகரம் ஆண்டுதோறும் விழா எடுக்கும் வளைய பலோனி, பருமன் குறைந்தது என்பதால், புகையில் சீக்கிரம் சூடேறி வறண்டுவிடும். நமக்கு வேண்டியது 2 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ள, வில்லையாக வெட்டாத, சாதாரண பலோனி உருளை. கடையில் சமைத்த இறைச்சியை வெட்டித் தரும் டெலி கவுண்டரில் முழுத் துண்டாகக் கேட்டால் வெட்டாமலே தருவார்கள். அமெரிக்க மாநிலமான ஓக்லஹோமாவில் இதைப் புகையில் வாட்டி, விலையுயர்ந்த மாட்டிறைச்சித் துண்டான பிரைம் ரிப்பின் பெயரால் "ஓக்லஹோமா பிரைம் ரிப்" என்று பாதி கேலியும் பாதி பெருமையுமாக அழைக்கிறார்கள்.

முதல் படி: உறையை உரித்துக் கீறுதல்

பிளாஸ்டிக் உறையாக இருந்தாலும் நார் உறையாக இருந்தாலும் அதை முழுவதும் உரித்துவிட வேண்டும். அது உண்ணத் தக்கதும் அன்று, புகையையும் உள்ளே விடாது. பிறகு காகிதத் துண்டால் மேற்பரப்பை ஈரமில்லாமல் ஒற்றியெடுங்கள்.

அடுத்து, கூரான கத்தியால் உருளையைச் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு, விரற்கடை இடைவெளியில், சாய்வான கோடுகளைக் கீறி, அவற்றைக் குறுக்கே வெட்டும்படி மறுபக்கச் சாய்விலும் கீற வேண்டும். கோடுகள் சந்திக்கும்போது சிறு சிறு கட்டங்கள் உருவாகும். சூடு ஏற ஏற இந்தக் கட்டங்களின் விளிம்புகள் விரிந்து மேலெழும்பிக் கருகத் தொடங்கும். மசாலா தங்குவதும் சாஸ் தேங்குவதும் அந்தப் பிளவுகளில்தான். கீறாமல் வைத்த உருளையில் மேல்தோல் தன் போக்கில் ஓரிடத்தில் வெடிக்கும், மற்ற இடமெல்லாம் வழவழவென்றே இருக்கும். ஆழம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால், பிறகு வில்லை போடும்போது ஓரங்கள் உதிர்ந்துவிடும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மசாலா

மூன்று மேசைக்கரண்டி மஞ்சள் மஸ்டர்ட் சாஸை உருளை முழுவதும், பிளவுகளுக்குள்ளும் போகுமாறு தடவுங்கள். மசாலா ஒட்டிக்கொள்வதற்காகவே இது. வாட்டி முடித்த பின் மஸ்டர்டின் காரம் அவ்வளவாகத் தெரியாது. மூன்று மேசைக்கரண்டி பழுப்புச் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப்பொடி), மிளகுத்தூள், பூண்டுத்தூள், வெங்காயத்தூள் ஆகியவற்றில் தலா ஒரு தேக்கரண்டி, அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள் ஆகியவற்றைக் கலந்து மேலே தூவி அழுத்திவிடுங்கள். உப்பு சேர்க்கவே கூடாது. பலோனியிலேயே வேண்டிய அளவுக்கு உப்பு உண்டு. கடைகளில் விற்கும் பார்பிக்யூ மசாலாக்களில் பலவும் உப்பை முதன்மையாகக் கொண்டவை என்பதால், அவற்றை இதற்குப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாம் படி: தீயும் புகையும்

ஸ்மோக்கரை 107 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் நிலைநிறுத்துங்கள். ஸ்மோக்கர் இல்லாதவர்கள், மூடியுள்ள சாதாரணக் கரி அடுப்பில் கனன்ற கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி, அதன்மேல் இரண்டு மரத்துண்டுகளை வைத்து, மறுபக்கத்தில் இறைச்சியை வைக்கலாம். மூடியின் காற்றுத்துளை இறைச்சிக்கு நேர் மேலே வருமாறு திருப்பிவைத்தால், புகை அதைத் தழுவிக்கொண்டே வெளியேறும். ஹிக்கரி மரம் அழுத்தமான மணத்தைத் தரும். பீக்கான் மரமும் ஆப்பிள் மரமும் மென்மையானவை. மரத்தைத் தண்ணீரில் ஊறவைக்கத் தேவையில்லை, அது ஆவியைக் கிளப்பிச் சூட்டைக் குறைக்குமே தவிர நல்ல புகையைத் தராது. தொடக்கத்தில் அடர்த்தியான வெண்புகை எழும். அது மெலிந்து, இலேசான நீலச் சாயலுக்கு மாறிய பிறகே பலோனியை உள்ளே வையுங்கள். வெண்புகையில் வைத்தால் நாக்கில் கசப்பு ஒட்டும்.

இனி மூன்று முதல் நான்கு மணி நேரம். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடு இறங்கும் என்பதால், மணிக்கு ஒரு முறை உருளையைத் திருப்பிவிடுவதற்கு மட்டும் திறந்தால் போதும். தீயைக் கூட்டினால் விழுதில் பிணைந்துள்ள கொழுப்பு உருகி ஒழுகிவிடும். எஞ்சுவது சுருங்கிய, ரப்பர் போன்ற இறைச்சிதான். வெட்டிப் பார்த்து உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கிறதே என்று கலங்க வேண்டாம்: அது ஆலையில் பதப்படுத்தச் சேர்த்த நைட்ரைட் உப்பால் வந்த நிறம், எவ்வளவு நேரம் வாட்டினாலும் மாறாது. எனவே நிறத்தை நம்பாமல் இறைச்சி வெப்பமானியை நடுவில் செருகிப் பாருங்கள். கர்ப்பிணிகளும் முதியோரும் உண்பதாக இருந்தால் உட்சூடு 74 டிகிரியை எட்ட வேண்டும் என்பது லிஸ்டீரியா கிருமியை முன்னிட்டு அமெரிக்க வேளாண்மைத் துறை தரும் அறிவுரை. எல்லோருக்குமே அந்த அளவை வைத்துக்கொள்வது நல்லது.

கடைசி அரை மணி நேரத்தில் பார்பிக்யூ சாஸைத் தூரிகையால் இரண்டு முறை பூசுங்கள். முன்கூட்டியே பூசினால் அதிலுள்ள சர்க்கரை தீய்ந்துபோகும்.

வெட்டுவதும் பரிமாறுவதும்

வெளியே எடுத்து 10 நிமிடம் ஆறவிட்டு, ஒன்றேகால் சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகளாக வெட்டுங்கள். சாண்ட்விச்சுக்கு வாங்கும் காகிதம் போன்ற வில்லைகளின் கனத்தில் வெட்டினால் இத்தனை மணி நேர உழைப்பும் வீண். வாட்டாத வெள்ளை பிரெட், பச்சை வெங்காயம், வெள்ளரி ஊறுகாய், மஸ்டர்ட் ஆகியவையே இதற்குப் போதுமான துணை. டென்னசியின் மெம்பிஸ் நகரத்தில் சாஸ் ஊற்றி, மேலே கோல்ஸ்லா (முட்டைக்கோஸ் சாலட்) வைத்துத் தருவார்கள். கொழுப்பின் திகட்டலுக்கு அந்தக் கோஸின் புளிப்பு நன்றாக ஈடுகொடுக்கிறது என்பதால் எனக்கு அதுவே மிகவும் பிடித்த முறை.

புகையில் வாட்ட நேரமில்லாதவர்கள், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மக்கள் செய்வதுபோல் கனத்த வில்லையை வெறும் தோசைக்கல்லில் பொரித்து முட்டையுடன் உண்ணலாம். சூடுபட்டதும் வில்லையின் விளிம்பு சுருங்கி, நடுப்பகுதி கிண்ணம்போல் எழும்பும். நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே ஒரு கீறல் போட்டுவிட்டால் வில்லை தட்டையாகப் படிந்து, இரு பக்கமும் சீராகச் சிவக்கும். புகையில் வாட்டி மீந்ததையும் இதே விதமாகச் சூடாக்கலாம். குளிர்பதனப் பெட்டியில் மூடிவைத்து மூன்று, நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். உருளையின் இரு முனைகளை மட்டும் அன்றே சிறு சதுரங்களாக நறுக்கி, இன்னும் கொஞ்சம் சாஸில் புரட்டி மறுபடியும் அரை மணி நேரம் ஸ்மோக்கரில் வைத்தால், பரிமாறுவதற்கு முன்பே தட்டு காலியாகிவிடும்.